சாயப்பட்டறையில் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டி

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம் ஓடும்போது, உள்ளே பின்னலாடைத் துணி கயிறாகத் திரண்டு சாயநீரோடு சுற்றிச் சுற்றி வருகிறது. கடைசியில் துணியில் நிற்கப்போகும் நிறத்தைச் சாயம் மட்டும் முடிவு செய்வதில்லை. தண்ணீர் என்ன வேகத்தில் சூடாகிறது, 60 டிகிரியில் எவ்வளவு நேரம் நிற்கிறது, சோடா உப்புக் கரைசல் எவ்வளவு நிதானமாக உள்ளே போகிறது, துணி ஒரு சுற்றை எத்தனை விநாடியில் முடிக்கிறது என்று பல விஷயங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரி ஏற வேண்டிய சூடு மூன்று டிகிரியாக ஏறினாலோ, கால் மணி நேரத்தில் சேர வேண்டிய சோடா ஒரேயடியாகக் கொட்டப்பட்டாலோ, சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். பிறகு அந்த லாட்டை மறுபடி சாயமேற்ற வேண்டும்.

மறுபடி சாயமேற்றுவது என்றால் மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு, மறுபடி நீராவி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சாயக்கழிவு வெளியே போகாத முறைக்கு மாறித்தான் திருப்பூர் மீண்டு வந்தது. அங்கே வீணாகும் ஒவ்வொரு தொட்டித் தண்ணீரும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கிகளில் காய்ச்சி, உப்பைப் பிரித்து எடுத்த பிறகே திரும்பி வரும். முதல் தடவையிலேயே ஷேடு சரியாக வருவது அந்த ஊருக்குப் பணமும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்தப் பொறுப்பைச் சுமப்பது இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளுயர இரும்புப் பெட்டி. பேனல் என்று அதைச் சொல்வார்கள். கதவைத் திறந்தால் மேலே பிரேக்கர்கள், கான்டாக்டர்கள், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள். கீழே வரிசையாக டெர்மினல்கள். நடுவில் தண்டவாளத்தில் மாட்டியதுபோல் 35 மில்லிமீட்டர் உலோகப் பட்டையில் உட்கார்ந்திருக்கும் சிறிய பெட்டிதான் பிஎல்சி. இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்ற நிரலை வைத்திருக்கும் தொழிற்சாலைக் கணினி அது.

இந்தப் பிஎல்சியை எப்படித் தேர்வு செய்வது, பேனலுக்குள் எப்படிப் பொருத்துவது? விலைப்பட்டியலில் பிராசஸர் வேகத்தையும் மெமரி அளவையும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் உண்டு. நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: இரவு இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றுபோனால், அங்கே ஷிப்டில் இருக்கும் எலக்ட்ரீஷியன் கதவைத் திறந்து, என்ன ஆனது என்று தானே கண்டுபிடிக்க முடியுமா?

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. பிஎல்சி பிறந்ததே இதற்காகத்தான்.

1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில், தானியங்கி கியர் தயாரிக்கும் ஹைட்ராமேட்டிக் பிரிவு ஒரு தேவைப் பட்டியலை வெளியிட்டது. அப்போது இயந்திரங்களை இயக்கியவை மின்காந்தச் சுவிட்சுகளான ரிலேக்கள். சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் ரிலேக்களை அடுக்கி, ஒன்றோடொன்று வயரால் இணைத்திருப்பார்கள். கார் மாடல் மாறும்போதெல்லாம் அந்த வயர்களைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். எங்கோ ஒரு ரிலே முனை கருகிப்போனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு ஷிப்டு போய்விடும். எனவே அவர்கள் கேட்டது இதுதான்: தொழிற்சாலைக்குள்ளேயே நிரலை எளிதாக எழுதவும் மாற்றவும் முடிய வேண்டும், பழுது பார்ப்பது சுலபமாக இருக்க வேண்டும், ஆலையின் சூழலில் ரிலேக்களைவிட நம்பகமாக ஓட வேண்டும், அவற்றைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், 115 வோல்ட் சிக்னலை நேரடியாக வாங்க வேண்டும், 2 ஆம்பியராவது வெளியே கொடுக்க வேண்டும், விலையில் ரிலே பேனலோடு போட்டி போட வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சிறு பொறியியல் நிறுவனம் நடத்திய டிக் மோர்லியும் அவருடைய கூட்டாளிகளும் கொண்டுவந்த பெட்டிதான் மோடிகான் 084. அது அவர்களுடைய 84ஆவது திட்டம். அதில் விசிறி வைக்கவில்லை. ஆலையின் தூசியும் எண்ணெய்ப் புகையும் உள்ளே போகக்கூடாது என்பதே காரணம். ஆரம்பகாலத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன ஒரு பெட்டி ஏறத்தாழ 20 ஆண்டுகள் இடைவிடாமல் ஓடிய பிறகே ஓய்வு பெற்றது.

அந்தக் குழு செய்த காரியங்களில் நான் மிகவும் மதிப்பது நிரல் மொழியைத்தான். ஆலை எலக்ட்ரீஷியனிடம் கணினி மொழி கற்றுக்கொள் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர் தினமும் கையில் வைத்திருந்த ரிலே வரைபடத்தையே நிரலாக்கினார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு, நடுவில் படிகள். ஒவ்வொரு படியிலும் இடப்பக்கம் சுவிட்சுகள், வலப்பக்கம் ஒரு காயில். 'மூடி மூடியிருக்கிறது, தண்ணீர் மட்டம் போதும், டிரைவில் பழுது இல்லை. இவை எல்லாம் சேர்ந்தால் பம்ப் ஓடட்டும்.' இதுதான் லேடர். ரிலே படம் பார்க்கத் தெரிந்தவர் முதல் நாளே அதைப் படித்துவிடலாம். 1993இல் வந்த ஐஇசி 61131-3 என்ற சர்வதேசத் தரம் லேடரோடு சேர்த்து ஐந்து மொழிகளை அங்கீகரித்தது. வெப்பநிலைக் கணக்கு, செய்முறைப் பட்டியல் போன்றவற்றுக்கு எழுத்து வடிவ மொழி வசதியானது. ஆனால் பம்ப், வால்வு, இன்டர்லாக் ஆகியவற்றை லேடரிலேயே எழுத வேண்டும் என்பேன். இரவு ஷிப்டில் லேப்டாப்பைச் செருகிப் பார்ப்பவருக்கு எந்தப் படியில் எந்தச் சுவிட்ச் தடுக்கிறது என்பது நிறம் மாறிக் கண்ணுக்குத் தெரியும்.

தேர்வு என்பது ஒரு வெள்ளைத் தாளில் ஆரம்பிக்கிறது. இயந்திரத்தைச் சுற்றி நடந்து, உள்ளே வரும் சிக்னல் ஒவ்வொன்றையும், வெளியே போகும் சிக்னல் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். மூடியின் லிமிட் சுவிட்ச், தண்ணீர் மட்டம், காற்றழுத்தச் சுவிட்ச், பம்ப் ஓடுகிறது என்ற பதில், டிரைவ் டிரிப், துணி சிக்கிக்கொண்டால் சொல்லும் சென்சார். வெளியே தண்ணீர் வால்வு, வடிகால் வால்வு, நீராவி, குளிர்நீர், டோசிங் பம்ப், விளக்கு, ஒலிப்பான். பிறகு எண்ணாக வருபவை: வெப்பநிலை, அழுத்தம், தொட்டி மட்டம், மோட்டார் வேகம். நடுத்தரமான ஒரு சாய இயந்திரத்துக்கே எளிதாக ஐம்பதை ஒட்டி வரும். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்த ஆறாவது மாதம் உரிமையாளர் இன்னொரு டோசிங் தொட்டி வேண்டும் என்பார். அப்போது பேனலில் இடமும் இருக்க வேண்டும், பிஎல்சியில் புள்ளியும் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை முடிந்ததும் வகை. பலர் அவசரப்பட்டுக் கைசுடுவது இங்கேதான். பிஎல்சியின் வெளியீடு பெரும்பாலும் இரண்டு விதமாகக் கிடைக்கும்: உள்ளே சின்ன ரிலே வைத்தது, டிரான்சிஸ்டர் வைத்தது. ரிலே வகை ஏசி, டிசி இரண்டையும் தாங்கும், 2 ஆம்பியர் வரை கொடுக்கும் என்பதால் பேனல் கட்டுபவர்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம். ஆனால் அதன் முனைகள் தேயும். முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை தட்டினால் ஆயுள் முடிந்தது என்பது பொதுவான அளவு. இப்போது நீராவி வால்வைக் கணக்குப் பாருங்கள். சூட்டைச் சீராக ஏற்ற, பிஎல்சி அந்த வால்வைப் பத்து விநாடிக்கு ஒரு முறை திறந்து மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6, மணிக்கு 360, நாளுக்கு 8,640 முறை. ஒரு லட்சம் என்பது பன்னிரண்டு நாள்கூட வராது. வால்வு காயில் இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் நடைமுறையில் ரிலே இன்னும் பல மாதம் ஓடலாம். அப்படியிருந்தும், அடிக்கடி தட்டும் வேலைக்கு அது ஏற்றதல்ல. டிரான்சிஸ்டர் வெளியீட்டில் தேய ஒன்றும் இல்லை. அது பொதுவாக 0.5 ஆம்பியர்தான் தரும். சிறு வால்வு காயிலுக்கு அது தாராளம். பெரிய கான்டாக்டர்களுக்கு நடுவில் தனி ரிலே வைத்துக்கொள்ளலாம். அந்த ரிலே பழுதானால் பிடுங்கிவிட்டு வேறொன்று செருக ஒரு நிமிடம் போதும். பிஎல்சி கார்டை மாற்ற வேண்டியதில்லை.

டிசி காயில் எதுவானாலும் அதன் குறுக்கே ஒரு டையோடு இருக்க வேண்டும். 24 வோல்ட் காயிலில் மின்சாரம் அறுபடும் கணத்தில் அது திருப்பி உதைக்கும் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்குப் போகும். சில ரூபாய் டையோடு இல்லாததால் பல ஆயிரம் ரூபாய் கார்டு சாவது தொழிலில் சாதாரணமாக நடக்கிறது.

உள்ளே வரும் சிக்னலில் வேறு ஒரு நுட்பம் உண்டு. பிஎல்சி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. உள்ளீடுகளை ஒரு முறை வாசிக்கும், நிரலை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை ஓட்டும், வெளியீடுகளை மாற்றும், மறுபடி வாசிக்க வரும். இந்தச் சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும். இரவுக் காவலர் ஆலையைச் சுற்றி ரோந்து வருவது போலத்தான். அவர் பின்பக்கம் போயிருக்கும்போது முன்வாசலில் வந்து போனவரை அவருக்குத் தெரியாது.

சாய இயந்திரத்தில் இது நேரடியாக உதைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. துணியின் மூட்டுத் தையலில் ஒரு சிறு காந்தம் வைத்துத் தைப்பார்கள். அது சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் துணி ஒரு சுற்று முடித்தது என்று கணக்கு. துணி நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகத்தில் ஓடினால் விநாடிக்கு 5 மீட்டர். காந்தத்தை 5 சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் சென்சார் உணரும் என்றால், அந்தச் சிக்னல் வெறும் 10 மில்லிவிநாடி இருக்கும். நிரல் பெரிதாகி ஸ்கேன் 15 மில்லிவிநாடியைத் தொட்டுவிட்டால், மூன்றில் ஒரு காந்தம் கண்ணில் படாமல் போகும். போதாததற்கு, மின் இரைச்சலை வடிகட்ட ஒவ்வொரு உள்ளீட்டிலும் ஒரு தாமதம் வைத்திருப்பார்கள். சீமென்ஸ் எஸ்7-1200 வகையில் அது நாம் மாற்றாதவரை 6.4 மில்லிவிநாடி. துணி ஓடிக்கொண்டிருக்கும், பிஎல்சியோ துணி சிக்கிக்கொண்டது என்று அலாரம் அடிக்கும். சென்சாரை மாற்றுவார்கள், காந்தத்தை மாற்றுவார்கள், பழுது போகாது. அந்த ஒரு சிக்னலை அதிவேக உள்ளீட்டுக்கோ, துடிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உள்ளீட்டுக்கோ கொண்டுபோனால் தீர்ந்தது. வாங்கும்போதே அப்படி ஒரு உள்ளீடு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

சென்சார்களை வாங்கும்போது பிஎன்பி, என்பிஎன் என்ற இரு வகையையும் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது வேலை செய்யும்போது 24 வோல்ட்டைக் கொடுக்கும், இரண்டாவது பூஜ்யத்தோடு இணைக்கும். ஐரோப்பிய இயந்திரங்களில் முதலாவது அதிகம், ஜப்பானிய இயந்திரங்களில் இரண்டாவது. ஒரே பொது முனையைப் பகிரும் உள்ளீடுகளில் இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஒரு பாதி வேலை செய்யாது.

வெப்பநிலைக்கு வருவோம், சாயப்பட்டறையின் உயிர்நாடி அதுதான். அங்கே பயன்படுவது பிடி100 என்ற பிளாட்டினச் சென்சார். பூஜ்யம் டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அதாவது ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் என்ற மிகச் சிறிய மாற்றத்தைத்தான் பிஎல்சி அளக்கிறது. சென்சாரிலிருந்து பேனலுக்கு 30 மீட்டர் தூரம், ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 60 மீட்டர் என்றால், வயரின் தடையே ஒரு ஓமைத் தாண்டிவிடும். இரண்டு வயரில் இணைத்தால் அந்த ஓமும் சூடாகவே கணக்கில் வரும். திரையில் 60 டிகிரி என்று தெரியும். தொட்டிக்குள் 57 டிகிரிதான் இருக்கும். ரசாயனம் தப்பு, சாயம் தப்பு என்று எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பிடி100இல் மூன்றாவது வயர் ஒன்று வெளியே வருவது இதற்காகத்தான். அந்த வயரை வைத்து, வயரின் தடையை பிஎல்சி கார்டு தானே கழித்துக்கொள்ளும். மூன்றாவது வயரைத் தேவையில்லை என்று வெட்டி விட்டிருப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

அழுத்தம், தொட்டி மட்டம் போன்றவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக வரும். காலித் தொட்டிக்கு 4, நிறைந்த தொட்டிக்கு 20. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? வயர் அறுந்தால் பூஜ்யம் வரும். தொட்டி காலியா, வயர் அறுந்ததா என்பதை அந்த 4 பிரித்துக் காட்டிவிடுகிறது. நிரல் எழுதுபவர் 4க்குக் கீழே போனால் அலாரம் என்று ஒரு வரி சேர்க்காவிட்டால், இந்த நல்ல ஏற்பாட்டால் ஒரு பலனும் இல்லை.

இனி பெட்டிக்குள் வைப்பது. பெரும்பாலான பிஎல்சிகள் 55 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். சித்திரை மாத மதியத்தில் சாயப்பட்டறைக்குள் 40 டிகிரி என்பது குறைவான மதிப்பீடு. அதோடு 15 கிலோவாட் டிரைவ் ஒன்று தான் கையாளும் மின்சாரத்தில் மூன்று சதவீதத்தை வெப்பமாக உமிழ்ந்தால், 450 வாட் அடைத்த பெட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். 24 வோல்ட் மின்வழங்கியில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளுக்கு ஒவ்வொரு பத்து டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஆயுள் பாதியாகும். பத்து வருடம் ஓட வேண்டியது இருபது டிகிரி அதிகத்தில் இரண்டரை வருடத்தில் படுத்துவிடும். டிரைவ்களைத் தனி அறையாகத் தடுத்த பகுதியில் வைக்க வேண்டும். ஒரே அறையென்றால் பிஎல்சியை அவற்றுக்கு மேலே வைக்கக் கூடாது, சூடு மேலேதான் போகும். பிஎல்சிக்கு மேலும் கீழும் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியை விட வேண்டும்.

சூடு தாங்காமல் பேனல் கதவைத் திறந்துவைத்து, எதிரே பெடஸ்டல் ஃபேனை ஓடவிட்டிருப்பதைப் பல ஆலைகளில் பார்க்கலாம். இதைவிடப் பெரிய கேடு பேனலுக்கு இல்லை. பின்னலாடைத் துணியின் பஞ்சும் சோடாத் தூளும் நீராவியும் அந்தக் காற்றோடு நேராகச் சர்க்யூட் பலகைகளில் போய் ஒட்டும். ஈரத்தில் பஞ்சு ஊறினால் அது மின்சாரம் கடத்தும். வடிகட்டி வைத்த விசிறிகூடப் பஞ்சில் சில வாரத்தில் அடைத்துவிடும். இங்கே பொருத்தமானது முழுக்க மூடிய பெட்டி, அதற்கென்று பேனல் ஏசி. கேபிள்கள் கீழிருந்து வர வேண்டும், நுழையும் ஒவ்வொரு துளையும் கிளாண்ட் போட்டு அடைக்கப்பட வேண்டும். மேலிருந்து வரும் கேபிளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரும் வரும்.

டிரைவ்கள் தரும் இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அவை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அந்த மோட்டார் கேபிளும் பிடி100 வயரும் ஒரே டக்ட்டில் படுத்திருந்தால், மோட்டார் ஓடும்போதெல்லாம் வெப்பநிலை எண் இரண்டு மூன்று டிகிரி குதிக்கும். மோட்டார் நின்றால் அடங்கும். மென்பொருளில் சராசரி எடுத்து இதை மறைக்கப் பார்ப்பார்கள். செய்ய வேண்டியது, பவருக்கு ஒரு டக்ட், சிக்னலுக்கு இன்னொன்று. குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிட வேண்டும். மோட்டார் கேபிளின் கவச உறையை வால்போல் முறுக்கி எர்த்தில் செருகாமல், சுற்றிலும் கிளாம்ப் போட்டு உலோகத் தகட்டோடு இறுக்க வேண்டும்.

இப்போது அந்த இரவு ஷிப்டு. நீராவி ஏறவில்லை, லாட் 45 டிகிரியில் நிற்கிறது. இளைய எலக்ட்ரீஷியன் மூத்தவரைப் போனில் கூப்பிடுகிறார்.

"அண்ணா, ஸ்டீம் வால்வு தொறக்க மாட்டேங்குதுங்க."

"பிஎல்சில அவுட்புட் லைட் எரியுதா பாரு."

"எரியுதுங்கண்ணா. ஒண்ணு பாயிண்ட் மூணு."

"அப்ப புரோகிராம் சரிதான். டெர்மினல்ல வோல்ட் வருதா?"

"மேல வருதுங்க, கீழ வரல."

"வயர் நம்பர் என்ன?"

"நூத்தி முப்பத்தி மூணு."

"இழுத்துப் பாரு."

இழுத்ததும் வயர் கையோடு வந்துவிடுகிறது. யாரோ பழுது பார்த்தபோது முனையில் ஃபெரூல் என்ற உலோகக் குழலைப் போடாமல் வெறும் இழைகளைச் செருகியிருக்கிறார்கள். அதிர்வில் ஒவ்வொன்றாக நழுவியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அது ஐந்து நிமிடத்தில் முடிந்ததற்குக் காரணம், பிஎல்சி முகப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் விளக்கு இருந்தது, வயரில் எண் இருந்தது, அந்த எண் கதவுப் பையில் இருந்த வரைபடத்தோடு ஒத்துப்போனது. எண்ணில்லாத பேனலாக இருந்திருந்தால் விடிந்திருக்கும், லாட்டும் போயிருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் எந்தப் பிஎல்சியை நம்பியும் விடக்கூடாது: மனிதர் உயிர். பாலியஸ்டர் துணிக்கு இயந்திரத்தை 130 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருப்பதற்கு உள்ளே சுமார் 2.7 பார் அழுத்தம் இருக்க வேண்டும். வெளியே ஒரு பார்தான். அந்த நிலையில் மூடி திறந்தால், உள்ளே இருக்கும் நீரில் ஒரு பகுதி கணத்தில் ஆவியாக வெடித்துச் சீறும். எதிரே நிற்பவர் தப்ப முடியாது. எனவே மூடிப் பூட்டுக்கு பிஎல்சி நிரல் மட்டும் காவல் நிற்கக்கூடாது. அழுத்தச் சுவிட்சும் வெப்பச் சுவிட்சும் நிரலைத் தொடாமல், நேரடி வயரில், பூட்டின் மின்சாரத்தைத் தடுக்க வேண்டும். எந்திர முறையிலான பூட்டும் பாதுகாப்பு வால்வும் அவற்றுக்கு மேல் இன்னொரு அரண்.

சிவப்புக் காளான் பொத்தானும் அப்படியே. அவசரத்தில் அதை அழுத்தினால் கான்டாக்டரின் மின்சாரம் நேரடியாக அறுபட வேண்டும். 'அழுத்தியிருக்கிறார்கள்' என்ற செய்தி பிஎல்சிக்குப் போகலாம். நிறுத்தும் வேலை அதனிடம் இருக்கக்கூடாது. நிரல் உறைந்துபோகலாம், டிரான்சிஸ்டர் எரிந்து ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். பொத்தானின் முனை எப்போதும் இணைந்திருந்து, அழுத்தும்போது பிரிகிற வகையாக இருக்க வேண்டும். அப்போதுதான் எலி வயரைக் கடித்தாலும், டெர்மினல் தளர்ந்தாலும் இயந்திரம் நிற்கும். எதிர் வகையை வைத்தால் வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது; தேவைப்படும் நாளில் பொத்தான் செத்திருக்கும். கான்டாக்டர் முனைகள் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு என்பதால் பாதுகாப்பு ரிலே வைத்து, தொடரில் இரண்டு கான்டாக்டர்களை இணைத்து, அவை உண்மையிலேயே பிரிந்தனவா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும் முறை இருக்கிறது. இதில் மிச்சம் பிடிப்பதை நான் குற்றமாகவே கருதுகிறேன்.

பேனல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு இன்றும் அதிகம் பயன்படுவது மோட்பஸ். மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட மொழி அது. இரண்டு வயரில் ஆர்எஸ்-485 முறையில் 1,200 மீட்டர் வரை போகும்; வரிசையின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை வைக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: மின்மீட்டர் போன்றவை ஒரு பெரிய எண்ணை இரண்டு துண்டாக அனுப்பும், எது முன், எது பின் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். திரையில் அர்த்தமில்லாத எண் வந்தால் முதலில் துண்டுகளை இடம் மாற்றிப் பாருங்கள். மோட்பஸில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது. ஈரானின் நடான்ஸ் யுரேனிய ஆலையில் சீமென்ஸ் பிஎல்சிகளைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் 2010இல் வெளிப்பட்டபோது, தீய நிரல் ஒன்று சுழலும் இயந்திரங்களையே உடைக்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது. செல்போனில் பார்க்க ஆசைப்பட்டு பிஎல்சியை நேராக இணையத்தில் மாட்டக்கூடாது.

எந்த நிறுவனத்தின் பிஎல்சி என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சீமென்ஸ், மிட்சுபிஷி, டெல்டா, ஓம்ரான், ஷ்னைடர், ஆலன்-பிராட்லி என எல்லாமே ஒரு சாய இயந்திரத்தை ஓட்டப் போதுமானவை. ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் அப்படியே ஓடாது என்பதால், ஆலை முழுவதும் ஒன்றிரண்டு வகைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரே உதிரி கார்டு பல இயந்திரங்களுக்கு உதவும். நிரல் எழுதும் மென்பொருளைச் சிலர் இலவசமாகத் தருகிறார்கள், சிலர் காசுக்கு விற்கிறார்கள். அந்த உரிமம் ஆலையின் பெயரில் இருக்கட்டும். 2021ஐ ஒட்டி உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தபோது சில மாடல்களுக்குப் பல மாதம் காத்திருக்க நேர்ந்தது. கோவையிலோ சென்னையிலோ கடையில் உடனே கிடைக்கும் மாடல், காகிதத்தில் இன்னும் சிறந்த ஒரு மாடலைவிட மேலானது.

இயந்திரம் விற்பவர்கள் சிலர் நிரலுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு டைமரை இரண்டு விநாடி கூட்ட வேண்டுமென்றாலும் அவர்களுடைய ஆள் விமானம் ஏறி வர வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் அதுவும் இல்லை. நல்ல இரும்பு உடம்போடு இயந்திரம் பழைய இரும்புக்குப் போகிறது. விலை பேசும்போதே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். குறிப்புரைகளோடு கூடிய முழு நிரல், டிரைவ் அமைப்புகள், கடைசித் திருத்தம் வரை சேர்த்த வரைபடம் ஆகியவை பெட்டியோடு வர வேண்டும். குறிப்புரை என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல பழைய வகைகளில் பிஎல்சியிலிருந்து நிரலைத் திரும்ப எடுத்தால் வெறும் முகவரிகள் மட்டும் வரும், எது எந்த வால்வு என்ற பெயர் வராது. பேட்டரியால் நினைவைக் காக்கும் பழைய பிஎல்சி என்றால், பேட்டரி மாற்றிய தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

பேனல் வந்து இறங்கி, கேபிள்கள் எல்லாம் கட்டியான பிறகு பாயிண்ட் செக். ஒருவர் இயந்திரத்தில் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்ட, இன்னொருவர் பேனலில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துப் பட்டியலில் குறியிட வேண்டும். வெளியீடுகளை ஒவ்வொன்றாக இயக்கி, சரியான வால்வுதான் திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்து வெறும் தண்ணீரில் ஒரு முழு லாட். தொட்டியில் தனியாக ஒரு வெப்பமானியை நுழைத்து, திரையில் தெரியும் எண்ணோடு 40, 60, 80 டிகிரிகளில் ஒப்பிட வேண்டும். 60 டிகிரியில் நிற்கும்போது மெயின் பிரேக்கரை வேண்டுமென்றே இறக்கி, ஒரு நிமிடம் கழித்து ஏற்ற வேண்டும். மின்சாரம் திரும்பியதும் எந்த மோட்டாரும் தானாக ஓட ஆரம்பிக்கக்கூடாது. லாட் எந்த இடத்தில் நின்றதோ அதைத் திரை சொல்ல வேண்டும். ஆபரேட்டர் பொத்தானை அழுத்திய பிறகே அங்கிருந்து தொடர வேண்டும். பம்ப் ஓடும்போது சிவப்புப் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். பிஎல்சியை ஸ்டாப் நிலைக்குக் கொண்டுபோய், மூடிப் பூட்டு அப்போதும் பிடித்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தவறினாலும், ஆர்டர் எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அந்த இயந்திரத்தில் துணி ஏற்றக்கூடாது.